மூணு சுற்று மிச்சம், மஞ்சள் கொடி: ஒரு ரேஸ் எப்போ முடியுது?

இந்த எபிசோடை ஒரு அதிகாலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2025 நவம்பர் 3, திங்கட்கிழமை. அமெரிக்காவில் அப்போ இன்னும் ஞாயிற்றுக்கிழமைதான். அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் ட்ராக்கில் நாஸ்கார் கப் சீரிஸோட கடைசி ரேஸ். நான் வேளச்சேரியில் என் ரூமில், ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு, லேப்டாப் வெளிச்சத்தைக் குறைச்சு வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். காலையில் பத்து மணிக்கு டீம் மீட்டிங். தூங்கியிருக்கணும், தூங்கல.

டென்னி ஹேம்லின்னு ஒரு டிரைவர். வயசு 44. கப் சீரிஸில் 60 வெற்றி, டேட்டோனா 500 மூணு தடவை ஜெயிச்சவர். ஆனா சாம்பியன்ஷிப் மட்டும் ஒரு தடவைகூட இல்லை. அன்னைக்கு முதல் இடத்தில் ஆரம்பிச்சு, ரேஸை முழுசா தன் கையில் வெச்சிருந்தார். 312 சுற்று ரேஸில் மூணே சுற்றுதான் பாக்கி. என் ரூம்மேட் தண்ணி குடிக்க எழுந்து வந்தான். "முடிஞ்சிருச்சாடா?"ன்னு கேட்டான். நான் "முடிஞ்சிருச்சு, ஹேம்லின்தான் சாம்பியன்"னு சொன்னேன்.

சொல்லி வாயை மூடல, வில்லியம் பைரன் காரோட டயர் வெடிச்சுது. மஞ்சள் கொடி. எல்லா காரும் வேகத்தைக் குறைச்சு ஒண்ணா சேர்ந்துச்சு. ஹேம்லின் பிட்டுக்குள் வந்து நாலு டயரும் மாத்தினார். கைல் லார்சன் ரெண்டு டயர் மட்டும் மாத்திட்டு அவருக்கு முன்னாடி வெளியே வந்துட்டார். ரேஸ் ஓவர்டைமுக்குப் போச்சு, மொத்தம் 319 சுற்று ஆச்சு. ரேஸை ஜெயிச்சது ரயன் பிளேனி. லார்சன் மூணாவது, ஹேம்லின் ஆறாவது. அன்றைய விதிப்படி கடைசி ரேஸில் தகுதி பெற்ற நாலு பேரில் யார் முன்னாடி வர்றாங்களோ அவங்கதான் சாம்பியன். ஆக, 208 சுற்று முன்னணியில் இருந்த ஹேம்லின் சாம்பியன் இல்லை. அந்த ரேஸில் ஒரு சுற்றுகூட முன்னணியில் இல்லாத லார்சன் சாம்பியன்.

ரூம்மேட் தண்ணி பாட்டிலோட அப்படியே நின்னு பார்த்தான். அவனுக்கு நாஸ்கார்னா என்னன்னே தெரியாது. ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அப்போ இவ்வளவு நேரம் ஓடினது எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு அப்போ என்கிட்ட பதில் இல்லை. இந்த எபிசோடு அதுக்கான பதிலைத் தேடிப் போனதில் கிடைச்ச கதை.

மஞ்சள் கொடின்னா என்ன நடக்குது?

நாஸ்கார் பார்க்காதவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. ட்ராக்கில் விபத்து, எண்ணெய்க் கசிவு, உடைஞ்ச பாகம், லேசான மழை, எதுவா இருந்தாலும் மஞ்சள் விளக்கு எரியும். இதுக்குப் பேர் காஷன். பேஸ் கார் ஒண்ணு வெளியே வந்து எல்லாருக்கும் முன்னாடி மெதுவா ஓடும். யாரும் யாரையும் முந்தக் கூடாது. முதலில் பிட் மூடியிருக்கும். எல்லாரும் பின்னால் வரிசையா சேர்ந்ததும் பிட் திறக்கும். டயர் மாத்துவாங்க, பெட்ரோல் போடுவாங்க. ட்ராக்கைச் சுத்தம் பண்ணி முடிச்சதும் பேஸ் கார் விளக்கு அணையும், பச்சைக் கொடி, மறுபடி ரேஸ்.

இதில் ரெண்டு விஷயம் கவனிங்க. முதலாவது, காஷனில் மெதுவா ஓடுற சுற்றுகளும் மொத்தக் கணக்கில் சேரும். 200 சுற்று ரேஸில் 40 சுற்று காஷன்னா, நிஜமா ரேஸ் நடந்தது 160 சுற்றுதான்.

ரெண்டாவது இன்னும் முக்கியம். இடைவெளி அழிஞ்சு போகும். ஒருத்தர் 50 சுற்று உழைச்சு எட்டு நொடி முன்னிலை எடுத்திருக்கார்னு வைங்க. காஷன் வந்தா அந்த எட்டு நொடி பூஜ்யம். இடம் மட்டும் மிஞ்சும், இடைவெளி மிஞ்சாது. நம்ம பாஷையில சொன்னா, வேரியபிளை ரீசெட் பண்ணிட்டு லூப்பை மறுபடி ஓட விடுற மாதிரி.

பார்க்கிறவங்களுக்கு இன்னொரு சங்கடம், நேரம். டேட்டோனா ட்ராக் இரண்டரை மைல். ரேஸ் வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஐம்பது நொடிக்குள்தான் ஆகும். பேஸ் கார் பின்னாடி மணிக்கு 70 மைல் வேகத்தில் போனா அதே சுற்றுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல். அஞ்சு சுற்று காஷன்னா பத்து நிமிஷம் தாண்டிடும். அந்தப் பத்து நிமிஷம் டிவியில் பாதி விளம்பரம், மீதி ரீப்ளே. சென்னையில் ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அந்தப் பத்து நிமிஷம் கண்ணைச் சொக்க வைக்கும்.

14 சுற்று வித்தியாசத்தில் ஜெயிச்ச காலம்

ரூம்மேட் கேள்விக்கு வருவோம். ஓடினது எல்லாம் கணக்கில் வந்த காலம்னு ஒண்ணு இருந்துச்சா? இருந்துச்சு.

நாஸ்கார் 1948-ல் ஆரம்பிச்சது. பில் ஃபிரான்ஸ்ங்கிறவர் தலைமையில், ஃபுளோரிடாவில் டேட்டோனா பீச்சில். 1950-ல் தென் கரோலினாவில் டார்லிங்டன்ல முதல் 500 மைல் ரேஸ் நடந்துச்சு. 75 கார் கிளம்பிச்சு. முடிய ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஜெயிச்ச ஜானி மான்ட்ஸ் வேகமா ஓடலை. டயர் தேயாம, கார் உடையாம, ஒரே சீரா ஓட்டினார். மத்தவங்க டயர் கிழிஞ்சு நின்னாங்க.

அதே டார்லிங்டன்ல 1965-ல் நெட் ஜாரெட் ஜெயிச்சார். ரெண்டாவதா வந்தவருக்கும் அவருக்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? 14 சுற்று. 19.25 மைல், அதாவது சுமார் 31 கிலோமீட்டர். சென்னை பீச் ஸ்டேஷன்ல இருந்து தாம்பரம் வரைக்கும் போற தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒருத்தர் தாம்பரத்தில் மாலை வாங்கும்போது இன்னொருத்தர் இன்னும் பீச் ஸ்டேஷன்ல நிக்கிறார். மைல் கணக்கில் இன்னைக்கு வரை நாஸ்காரின் மிகப் பெரிய வெற்றி வித்தியாசம் அதுதான்.

இப்போ இன்னொரு முனைக்கு வாங்க. 2024 மே மாசம், கேன்சஸ் ரேஸ். கைல் லார்சன் கிறிஸ் புஷரை ஜெயிச்ச வித்தியாசம் 0.001 நொடி. கப் சீரிஸ் வரலாற்றிலேயே மிக நெருக்கமான முடிவு. அதுவும் எப்படி வந்துச்சு? கடைசி நேரத்தில் ஒரு மஞ்சள் கொடி, அதுக்கப்புறம் ஓவர்டைம்.

31 கிலோமீட்டரில் இருந்து 0.001 நொடிக்கு வந்திருக்கோம். கார்களோட தரம் சமமானது ஒரு காரணம், சந்தேகமே இல்லை. ஆனா மஞ்சள் கொடியைச் சுத்தி எழுதின விதிகள் இன்னொரு பெரிய காரணம். இந்த அறுபது வருஷத்தில் அந்த விதிகளில் நடந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு நிஜப் பிரச்சினைக்குத் தீர்வா வந்ததுதான். யாரும் உட்கார்ந்து "நியாயத்தைக் கெடுப்போம்"னு திட்டம் போடலை. அதுதான் இந்தக் கதையில் சுவாரசியமான இடம்.

பனியில் மாட்டிக்கிட்ட நாடு

1979 பிப்ரவரி 18. டேட்டோனா 500-ஐ ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நேரலையா காட்ட சிபிஎஸ் முடிவு பண்ணிச்சு. 500 மைல் ரேஸ் ஒண்ணு அமெரிக்கா முழுக்க அப்படி ஒளிபரப்பானது அதுதான் முதல் தடவை. அன்னைக்குப் பார்த்து நாட்டின் கிழக்குப் பகுதியில் பெரிய பனிப்பொழிவு. ஜனங்க வீட்டை விட்டு வெளியே போக முடியல. அப்போ இருந்ததே சில சேனல்தான்.

ரேஸ் எப்படி ஆரம்பிச்சது தெரியுமா? ட்ராக் ஈரமா இருந்ததால் முதல் சுமார் 15 சுற்று மஞ்சள் கொடியில். வரலாற்றிலேயே முக்கியமான ஒளிபரப்பு பேஸ் கார் பின்னாடி ஊர்வலமா ஆரம்பிச்சிருக்கு. இன்னைக்கா இருந்தா நாம போனை எடுத்து ரீல்ஸ் பக்கம் போயிருப்போம்.

ரேஸோட ஆரம்பக் கட்டத்திலேயே டானி அலிசன், அவர் அண்ணன் பாபி அலிசன், கேல் யார்பரோ மூணு பேரும் மோதிக்கிட்டு சேற்றில் இறங்கிட்டாங்க. யார்பரோ சில சுற்றுகள் பின்தங்கிட்டார். ஆனா அந்தக் காலத்தில் ஒரு விதி இருந்துச்சு. மஞ்சள் கொடி காட்டினாலும், கோட்டைத் தாண்டும் வரை ரேஸ் நடக்கும். அந்த இடைவெளியில் முன்னணிக் காரை முந்திட்டா இழந்த சுற்று திரும்பக் கிடைக்கும். யார்பரோ மஞ்சள் கொடிகளைப் பயன்படுத்தி இழந்த எல்லாத்தையும் மீட்டு, கடைசிச் சுற்றில் டானி அலிசன் பின்னாடியே வந்து நின்னார்.

கடைசிச் சுற்றில் ரெண்டு பேரும் மோதி, சுவரில் இடிச்சு, புல்லில் போய் நின்னாங்க. அரைச் சுற்று பின்னாடி வந்துக்கிட்டிருந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயிச்சார். அந்தப் பக்கம் புல்தரையில் யார்பரோவும் அலிசன் சகோதரர்களும் கைகலப்பு. நாடே பார்த்துச்சு. நாஸ்கார் தெற்கு மாநிலங்களைத் தாண்டி வெளியே போனதுக்கு அந்தச் சில நிமிஷங்களைத்தான் எல்லாரும் காட்டுவாங்க.

ஒரு நிமிஷம் யோசிங்க. மஞ்சள் கொடி விதி இல்லைன்னா யார்பரோ அந்தக் கடைசிச் சுற்றில் அங்கே இருந்திருக்கவே மாட்டார். டானி அலிசன் தனியா ஓடி ஜெயிச்சிருப்பார். சண்டையும் இல்லை, புகழும் இல்லை. நாம இன்னைக்கு "வரலாற்றுத் தருணம்"னு சொல்றதே காஷன் செஞ்சு கொடுத்ததுதான். அதனால காஷனை வெறும் வில்லனா காட்டிட்டு இந்த எபிசோடை முடிக்க முடியாது.

உயிர், அப்புறம் பீர் கேன்

காஷனுக்கு முதல் காரணம் எப்பவுமே உயிர்தான். 2001 பிப்ரவரி 18, தேதியைக் கவனிங்க, 1979 ரேஸ் நடந்த அதே தேதி. டேட்டோனா 500 கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். ஏழு தடவை சாம்பியன். அதுக்கப்புறம் கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி கட்டாயமாச்சு, மோதலை உள்வாங்கும் சுவர்கள் வந்துச்சு. அன்னைக்கிலிருந்து இன்னைக்கு வரை கப் சீரிஸ் ரேஸில் ஒரு டிரைவர்கூட இறக்கலை. மஞ்சள் கொடி நீளமா இருக்குன்னு நான் முணுமுணுக்கும்போதெல்லாம் இந்த வரியை நினைச்சுக்குவேன்.

2003 செப்டம்பரில், நியூ ஹாம்ப்ஷயர் ட்ராக்கில் டேல் ஜாரெட் கார் நேர்பாதை நடுவில் நின்னு போச்சு. இவர் 14 சுற்றில் ஜெயிச்ச நெட் ஜாரெட்டோட மகன். மஞ்சள் கொடி காட்டியாச்சு. ஆனா பழைய விதிப்படி மத்தவங்க கோட்டை நோக்கி முழு வேகத்தில் அவர் காரைத் தாண்டிப் பறந்தாங்க. நூலிழையில் தப்பிச்சார். அடுத்த வாரமே நாஸ்கார் அந்த விதியை ஒழிச்சுது. மஞ்சள் எரிஞ்ச நொடியில் யார் எங்கே இருக்காங்களோ அதுதான் இடம்.

சரியான முடிவு. ஆனா இப்போ ஒரு புதுச் சிக்கல்: பின்தங்கினவங்க சுற்றை எப்படி மீட்பாங்க? அதுக்கு ஒரு திருத்தம் வந்துச்சு. ஒவ்வொரு காஷனிலும், ஒரு சுற்று பின்தங்கியவர்களில் முதலில் இருக்கிறவருக்கு அந்தச் சுற்று இலவசம். ரசிகர்கள் அதுக்கு வெச்ச பேர் "லக்கி டாக்". கோடு எழுதுறவங்களுக்கு இது நல்லா புரியும். ஒரு பக் சரி பண்ணினோம், அதனால இன்னொரு இடம் உடைஞ்சுது, அங்கே ஒரு பேட்ச் போட்டோம்.

அடுத்தது 2004 ஏப்ரல், டல்லடேகா. கடைசி நேரத்தில் காஷன். ஜெஃப் கார்டன் முன்னாடி, கூட்டத்தின் செல்லப்பிள்ளை டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் பின்னாடி. மஞ்சள் கொடியிலேயே ரேஸ் முடிஞ்சு கார்டன் ஜெயிச்சார். விதிப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனா கூட்டம் பீர் கேன்களை ட்ராக்கில் வீசிச்சு. காசு கொடுத்து வந்தவன் ஊர்வலத்தைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போக மாட்டான்னு நாஸ்காருக்குப் புரிஞ்சுது. அதே வருஷம் கப் சீரிஸுக்கு ஓவர்டைம் வந்துச்சு: மஞ்சளில் முடியக் கூடாது, கூடுதல் சுற்று ஓட்டி ரெண்டு சுற்று பச்சையில் முடிக்கணும். முதலில் ஒரே ஒரு முயற்சி, 2010-ல் மூணு முயற்சி, பிறகு வரம்பே இல்லாம ஆச்சு.

ஆக, ஹேம்லினைக் கவிழ்த்த அந்த ஓவர்டைம், இருபத்தோரு வருஷத்துக்கு முன்னாடி பறந்த பீர் கேன்களுக்குக் கொடுத்த பதில்.

நீளமான காஷன், நீளமான ராத்திரி

காஷன் எவ்வளவு நீளலாம்? 2005-ல் ஷார்லட் ட்ராக்கில் நடந்த 600 மைல் ரேஸில் 22 காஷன். மொத்தம் 400 சுற்றில் 103 சுற்று மஞ்சளில் போச்சு. நாலில் ஒரு பங்குக்கு மேல். இதுக்கு நேர் எதிர் 1997 மே மாசம் டல்லடேகா. 500 மைல், ஒரு காஷன்கூட இல்லை. மார்க் மார்ட்டின் சராசரி 188 மைல் வேகத்தில், 2 மணி 39 நிமிஷத்தில் முடிச்சுட்டார்.

2008-ல் இண்டியானாபோலிஸில் நடந்தது தனிக் கூத்து. ட்ராக் டயரைத் தின்னுச்சு. பத்துப் பன்னிரண்டு சுற்றுக்கு மேல டயர் தாங்காதுன்னு தெரிஞ்சதும், நாஸ்காரே குறிப்பிட்ட இடைவெளியில் மஞ்சள் கொடி காட்டிக்கிட்டே இருந்துச்சு. 160 சுற்று ரேஸ், பத்துப் பத்து சுற்றுத் துண்டுகளா ஓடிச்சு. ஜிம்மி ஜான்சன் ஜெயிச்சார், ஆனா அந்த ரேஸை யாரும் அவர் வெற்றிக்காக ஞாபகம் வெச்சுக்கலை.

என் ஃபேவரைட் 2012 டேட்டோனா 500. மழையால் திங்கட்கிழமை ராத்திரிக்குத் தள்ளிப் போச்சு. 160 சுற்று முடிஞ்ச நேரம், காஷன். ட்ராக்கைக் காய வைக்கவும் குப்பையை ஊதித் தள்ளவும் ஒரு வண்டி ஓடும், அதில் ஜெட் என்ஜின் கட்டியிருக்கும். யுவான் பாப்லோ மொன்டோயா காரில் ஏதோ பாகம் உடைஞ்சு, கட்டுப்பாடு போய், நேரா அந்த ஜெட் வண்டியில் இடிச்சார். எரிபொருள் கொட்டி ட்ராக்கே தீப்பிடிச்சுது. ரெண்டு மணி நேரம் ரேஸ் நின்னுச்சு. ட்ராக்கைக் கழுவ டைட் சலவைத்தூள் பெட்டிகளைக் கொண்டு வந்தாங்க. நாம துணி துவைக்கிற அதே பிராண்டுதான்.

அந்த நேரத்தில் பிராட் கெசலவ்ஸ்கிங்கிற டிரைவர் காரில் இருந்தபடியே போனை எடுத்து, தீயைப் படம் பிடிச்சு ட்விட்டரில் போட்டார். ஒரே ராத்திரியில் ஒரு லட்சத்துக்கும் மேல புதுசா பின்தொடர ஆரம்பிச்சாங்க. ஒரு விளையாட்டின் சலிப்பான இடைவெளியை ரசிகர்கள் எதை வெச்சு நிரப்புவாங்கன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அதே வருஷக் கடைசியில் இன்னொரு ரேஸில் மறுபடி ட்வீட் பண்ணினதுக்கு நாஸ்கார் அவருக்கு 25,000 டாலர் அபராதம் போட்டுச்சு. அதுதான் நாஸ்கார்!

இடைவேளையை விதியாக்கினபோது

இப்போ சாம்பியன்ஷிப் பக்கம் வருவோம். 2003-ல் மேட் கென்செத் சாம்பியன் ஆனார். வருஷம் முழுக்க ஒரே ஒரு வெற்றி. அதே வருஷம் எட்டு ரேஸ் ஜெயிச்ச ரயன் நியூமன் ஆறாவது இடம். கென்செத் ஒவ்வொரு வாரமும் சீரா முடிச்சு பாயின்ட் சேர்த்தார். "இதென்ன, போரிங்கா இருக்கே"ன்னு குரல் வந்துச்சு. 2004-ல் "சேஸ்" வந்துச்சு: கடைசி பத்து ரேஸுக்கு முன்னாடி பாயின்ட்டை மாத்தி அமைச்சு, சிலரை மட்டும் சாம்பியன் போட்டியில் விடுறது. 2014-ல் அது நாக்-அவுட் ஆச்சு. 16 பேரில் ஆரம்பிச்சு, கடைசி ரேஸுக்கு நாலு பேர். பாருங்க, காஷன் ஒரு ரேஸுக்குள் செய்யிறதை இந்த முறை ஒரு முழு சீசனுக்கே செஞ்சுது. சேர்த்து வெச்ச இடைவெளி எல்லாம் பூஜ்யம், எல்லாரும் ஒண்ணா நின்னு மறுபடி ஓடுங்க.

2017-ல் ரேஸையே துண்டு போட்டாங்க. ஸ்டேஜ் ஒண்ணு, ரெண்டு, கடைசி ஸ்டேஜ். முதல் ரெண்டு ஸ்டேஜ் முடிவில் முதல் பத்து பேருக்கு 10-லிருந்து 1 வரை பாயின்ட். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிஞ்சதும் கட்டாய மஞ்சள் கொடி. ஐபிஎல் பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமான விஷயம். ஸ்ட்ராட்டஜிக் டைம்-அவுட்! ஆனா ஒரு பெரிய வித்தியாசம். டைம்-அவுட் முடிஞ்சு வரும்போது ஸ்கோர்போர்டு அப்படியே இருக்கும். ஸ்டேஜ் காஷன் முடிஞ்சு வரும்போது முன்னிலை போயிருக்கும்.

இதில் நல்லது இல்லாம இல்லை. முன்னாடி எல்லாம் ரேஸ் சலிப்பா போகும்போது திடீர்னு "ட்ராக்கில் ஏதோ கிடக்கு"ன்னு மஞ்சள் வரும். கேமரா தேடினாலும் எதுவும் தெரியாது. ரசிகர்கள் சந்தேகப்படுவாங்க. ஸ்டேஜ் வந்ததும் காஷன் எப்போ வரும்னு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். நடு ரேஸிலும் பாயின்ட்டுக்காகச் சண்டை போடுறாங்க. நானே ஸ்டேஜ் இடைவேளையில்தான் தோசை ஊத்தப் போவேன்.

ஆனா தந்திரம் செத்துப் போச்சு. இன்னும் பத்து சுற்றில் காஷன் வரப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா, பெட்ரோலைச் சேமிச்சு சூதாடுறவனுக்கு என்ன வேலை? வளைவு நெளிவா இருக்கிற ரோடு கோர்ஸ் ட்ராக்குகளில் இது ரொம்ப உறுத்திச்சு. 2023-ல் அங்கே மட்டும் ஸ்டேஜ் காஷனை எடுத்துப் பார்த்தாங்க. 2024-ல் திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. நாஸ்காருக்கே ரெண்டு மனசு.

விதி மாறினா மனுஷனும் மாறுவான்

காஷனுக்கு இவ்வளவு மதிப்புன்னா, அதை வரவழைக்க யாராவது முயற்சி பண்ண மாட்டாங்களா? 2013 செப்டம்பர், ரிச்மண்ட். சேஸுக்குத் தகுதி பெற கடைசி ரேஸ். ரயன் நியூமன் முன்னணியில், ஏழு சுற்றுதான் பாக்கி. அந்த நேரம் கிளின்ட் போயர் கார் தனியா சுழன்று நின்னுது. காஷன். நியூமன் வெற்றியை இழந்தார், போயரோட டீம் மேட் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியர் உள்ளே வந்தார். போயர் வேணும்னே சுழற்றினார்னு நாஸ்கார் நிரூபிக்கல. ஆனா அதே டீமின் இன்னொரு காரை, பாயின்ட் விட்டுக்கொடுக்கப் பிட்டுக்கு வரச் சொன்ன ரேடியோ உத்தரவு மாட்டிக்கிச்சு. டீமுக்கு 3 லட்சம் டாலர் அபராதம். ட்ரூயெக்ஸை நீக்கி நியூமனைச் சேர்த்தாங்க.

இதோட அழகான பக்கமும் இருக்கு. 2022 அக்டோபர், மார்ட்டின்ஸ்வில். ராஸ் சாஸ்டெய்ன் கடைசி நாலு பேரில் நுழையணும்னா இன்னும் ரெண்டு இடம் வேணும். கடைசி வளைவில் பிரேக்கே பிடிக்கல. காரை வெளிச் சுவரில் ஒட்டி, முழு ஆக்ஸிலரேட்டரில் உரசிக்கிட்டே போய் அஞ்சு காரைத் தாண்டினார். எங்கே கத்துக்கிட்டார்னு கேட்டதுக்கு, சின்ன வயசில் கேம்கியூப்ல ஆடின வீடியோ கேம்னார். உலகமே பார்த்துச்சு. அடுத்த வருஷம் அது தடை.

ரெண்டும் ஒரே விதியின் பிள்ளைகள்தான். "ஒரே ஒரு இடத்தில் எல்லாம் முடிவாகும்"னு எழுதி வெச்சா, சிலர் ஏமாத்துவாங்க, சிலர் பறப்பாங்க.

நம்ம ஊர் ஆளும் இந்தக் கதையில் கொஞ்சம் வர்றார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர், 2010-ல் நாஸ்காரின் ட்ரக் சீரிஸில் ஓட்டினார். அறிமுகம் அதே மார்ட்டின்ஸ்வில்லில். அந்த வருஷம் ட்ரக் சீரிஸில் ரசிகர் வாக்கில் மிகப் பிரபலமான டிரைவர் விருது அவருக்குத்தான். ராத்திரி கண்விழிச்சுப் பார்க்கிற கூட்டம் அப்பவே இங்கே இருந்திருக்கு.

ரூம்மேட்டுக்கு ஒரு பதில்

1992 உலகக் கோப்பை அரையிறுதியை நம்ம அப்பாக்கள் இன்னும் பேசுவாங்க. தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவை. மழை வந்து போனதும் திரையில் ஒரு பந்தில் 22 ரன்னு காட்டினாங்க. விதிப்படி எல்லாம் சரி. ஆனா பார்த்த எல்லாருக்கும் ஏதோ தப்புன்னு தெரிஞ்சுது. அந்த உறுத்தல்தான் டக்வொர்த்-லூயிஸ் முறைக்கு வழி விட்டுச்சு. மழையை நிறுத்த முடியாது. மழைக்கு முன்னாடி ஆடினதுக்கு எவ்வளவு மதிப்புன்னு மட்டும்தான் நாம முடிவு பண்ண முடியும்.

மஞ்சள் கொடியும் அப்படித்தான். டயர் வெடிக்கும், மழை பெய்யும், ஜெட் வண்டி எரியும். ஹேம்லினுக்கு அன்னைக்குக் கெட்ட நேரம், லார்சன் டீம் எடுத்தது நல்ல முடிவு. லார்சன் மேல எந்தக் குறையும் இல்லை, எழுதி வெச்ச விதியில் சரியா ஆடினார். 36 ரேஸ் உழைப்பின் மதிப்பு முழுவதையும் ஒரே ஒரு மஞ்சள் கொடியில் தொங்க விட்டது அந்த விதிதான்.

2026 ஜனவரியில் நாஸ்கார் அதை மாத்திச்சு. நாக்-அவுட் கிடையாது, நாலு பேர் ஃபைனல் கிடையாது. பழைய "சேஸ்" திரும்பி வருது: 16 பேர், கடைசி பத்து ரேஸ், பத்திலும் சேர்த்த பாயின்ட்தான் முடிவு. ரேஸ் வெற்றிக்கு 55 பாயின்ட். ஸ்டேஜ் இருக்கு, ஓவர்டைம் இருக்கு, மஞ்சள் கொடியும் இருக்கு. ஒரு காஷன் இனிமேலும் ஒரு ரேஸைத் திருப்பிப் போடலாம். ஒரு முழு வருஷத்தைத் தனி ஆளா கவிழ்க்கிறது கஷ்டம். எனக்கு இது பிடிச்சிருக்கு. மூணு சுற்று மிச்சம் இருக்கும்போது வந்த மாதிரியான நெஞ்சடைப்பு இனிமே கம்மியாத்தான் இருக்கும். அந்த விலையைக் கொடுக்கத் தயார்.

இதை எல்லாம் ரூம்மேட்கிட்ட சொன்னேன். "அப்போ ஓடினது இனிமே கணக்கில் வருமா?"ன்னான். வரும்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "ஆனா அன்னைக்கு நான் நின்னு பார்த்தது அந்தக் கடைசி ரெண்டு சுற்றுதானேடா"ன்னான்.

அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. 1979-ல் பனியில் மாட்டினவங்களும் அந்தக் கடைசிச் சுற்றைத்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க.

உங்களுக்கு என்ன தோணுது? பார்க்க நல்லா இருக்கிறதா, நியாயமா இருக்கிறதா, ரெண்டில் ஒண்ணுதான்னா எதை எடுப்பீங்க? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன். அதுவரைக்கும், மூணு சுற்று மிச்சம் இருக்கும்போது யாரும் "முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லாதீங்க.